எழுந்து போகத் தடையில்லை: யோசெமிட்டியின் இலவச மாலைப் பேச்சுகள்

இருட்டில் இரண்டு பைன் காய்கள் கைக்குக் கை மாறுகின்றன. முதல் காயை வாங்கியவர் "ஆ" என்று கையை உதறுகிறார். முள் குத்திவிட்டது. இரண்டாவது காயை அழுத்திப் பிடித்தாலும் ஒன்றும் ஆவதில்லை. முதலாவது பாண்டரோசா பைன். செதில்களின் முட்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவது ஜெஃப்ரி பைன். முட்கள் உள்பக்கமாக வளைந்திருக்கும். பட்டப்பகலில் இரண்டு மரங்களையும் அருகருகே காட்டினாலும் புதியவருக்கு வித்தியாசம் பிடிபடாது. கைக்கு ஒரு முறை பிடிபட்டுவிட்டால் பிறகு மறக்காது. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளுக்கு வருகிறவர்களுக்கு ரேஞ்சர்கள் என்ற பூங்காக் காவலர்கள் சொல்லிக்கொடுக்கும் சின்ன வித்தைகளில் இது ஒன்று.

இந்தப் பேச்சைக் கேட்க டிக்கெட் கிடையாது. மரக்கட்டை பெஞ்சுகள், முன்னால் ஒரு தீ, சுற்றிலும் காடு, அவ்வளவுதான். பிடிக்காவிட்டால் எழுந்து கூடாரத்துக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். கதவே இல்லாத இடத்தில் யார் தடுப்பது? யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 1920-ல் தொடங்கிய இந்தக் கோடை மாலைப் பேச்சுகளைப் பற்றிப் படிக்கப் படிக்க, எனக்கு முக்கியமாகப் படுவது இந்த எழுந்து போகும் வசதிதான். காசு கொடுத்து உள்ளே வந்தவர், கொடுத்த காசுக்காகவாவது சகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சும்மா வந்தவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பேச்சாளர்களைத் திருத்தி எடுத்தது இந்தச் சும்மா வந்தவர்தான்.

ஒரு விடுதியில் கூட்டம்

விதை விழுந்தது யோசெமிட்டியில் இல்லை, டாஹோ ஏரியை ஒட்டிய ஃபாலன் லீஃப் ஏரிக்கரையில். 1919 கோடையில் அங்கே விடுமுறைக்கு வந்தவர்களுக்காக இரண்டு பேர் மாலையில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் லாய் மில்லர். பறவை ஆய்வாளர், தொல்லுயிர்ப் புதைபடிவங்களிலும் பெயர் பெற்றவர். லாஸ் ஏஞ்சலஸின் லா பிரேயா தார்க் குழிகளில் கிடைத்த பழங்காலப் பறவை எலும்புகளை ஆராய்ந்தவர். ஆனால் கூட்டம் கூடியது எலும்புக்காக இல்லை. அவர் பறவைகளைப் போலவே குரல் கொடுப்பார் என்பதற்காக. மற்றவர் ஹரால்டு பிரையன்ட். கலிபோர்னியா மாநில மீன், வனவிலங்கு ஆணையத்தில் கல்விப் பணியைக் கவனித்தவர்.

அந்தச் சமயம் பார்த்து ஸ்டீபன் மேதர் அந்தப் பக்கம் வந்தார். போராக்ஸ் வியாபாரத்தில் பணம் சம்பாதித்தவர். 1916-ல் உருவான அமெரிக்க தேசியப் பூங்காச் சேவையின் முதல் இயக்குநர். விடுதியின் கூடம் நிரம்பி வழிகிறது, எல்லோரும் ஒரு பேராசிரியர் பறவை போலக் கூவுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மேதருக்கு அது போதுமானதாக இருந்தது. அடுத்த கோடையில் மில்லரும் பிரையன்ட்டும் யோசெமிட்டிக்கு வந்துவிட்டார்கள்.

மேதருக்கு ஏன் அவ்வளவு ஆர்வம்? புதிய துறை, ஒவ்வோர் ஆண்டும் அமெரிக்க காங்கிரஸிடம் கையேந்த வேண்டிய நிலை. மக்கள் பூங்காவுக்கு வந்தால் மட்டும் போதாது, பூங்கா அவர்கள் மனதில் ஒட்ட வேண்டும். 1913-லிருந்து யோசெமிட்டிக்குள் மறுபடியும் கார்களை அனுமதித்திருந்தார்கள். காரில் வருகிறவர் அருவியைப் பார்ப்பார், ஒரு படம் எடுப்பார், கிளம்பிவிடுவார். அவரை ஒரு ராத்திரி உட்கார வைக்க ஏதாவது வேண்டும்.

1920-ல் தொடங்கிய ஏற்பாட்டுக்கு வைத்த பெயரிலேயே விஷயம் இருக்கிறது: யோசெமிட்டி இலவச இயற்கை வழிகாட்டிச் சேவை. காலையில் காட்டுக்குள் நடை, மாலையில் முகாம்களிலும் விடுதிகளிலும் பேச்சு. மாலையில் ஆர்வத்தைக் கிளப்பிவிடுவது, காலையில் நேரில் கொண்டுபோய்க் காட்டுவது. இரண்டையும் சேர்த்து வைத்ததுதான் கெட்டிக்காரத்தனம். ராத்திரி ஆந்தையைப் பற்றிக் கேட்டவர் விடிந்ததும் அது இருக்கும் மரத்தடிக்கே போகலாம். வகுப்பறையில் இந்த வசதி எந்த வாத்தியாருக்கும் கிடைக்காது.

ஓசிக்கு யார் காசு கொடுத்தது

ஓசியில் கிடைப்பதற்கும் எங்கேயோ ஒருவர் பணம் கட்டியிருப்பார். பிரையன்ட் மாநில ஆணையத்தின் ஆள். வேட்டைக்காரர்களும் மீன்பிடிப்பவர்களும் வாங்கும் உரிமங்களின் வருமானத்தில் நடந்த ஆணையம் அது. மான் எப்போது சுடலாம், எத்தனை மீன் பிடிக்கலாம் என்ற சட்டங்களை மக்கள் மதிக்க வேண்டுமென்றால், முதலில் அந்த விலங்குகள் மீது கொஞ்சம் பாசம் வர வேண்டும். விடுமுறையில் இருப்பவருக்கு நேரமும் இருக்கிறது, மானும் கண்ணெதிரே இருக்கிறது. இந்தக் கணக்குதான் பிரையன்ட்டை ஏரிக்கரைகளுக்கு அனுப்பியது. ஆக, வேட்டைக்காரர்களின் பணத்தில் பறவைக் கதை. எனக்கு இது பிடித்திருக்கிறது.

பிடிக்காத ஒன்றும் இந்தக் கணக்கில் இருக்கிறது. டாஹோ பேச்சுகளுக்குப் பண உதவி செய்து முன்னின்றவர் சாக்ரமென்டோவின் செல்வந்தர் சார்லஸ் கேட்டி. ஐரோப்பாவில் இயற்கை நடைகளைப் பார்த்துவிட்டு அந்த யோசனையைக் கொண்டுவந்தவர். அவரே பின்னாளில், உயர்ந்த இனம் மட்டுமே பெருக வேண்டும் என்ற யூஜெனிக்ஸ் கொள்கையின் தீவிரப் பிரசாரகராகவும் இருந்தார். நல்ல காரியத்துக்கு வந்த பணம் என்று இதைத் தாண்டிப் போய்விட முடியாது.

யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் ஒரு கட்டடத்துக்கும் இதே சிக்கல். ஜோசஃப் லெகான்ட் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் நிலவியல் பேராசிரியர். 1870-ல் மாணவர்களோடு வந்தபோது இயற்கையாளர் ஜான் மியூரைச் சந்தித்தவர். 1901 ஜூலையில் யோசெமிட்டியிலேயே இறந்துபோனார். அவர் நினைவாக சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 1903-ல் ஒரு கல் கட்டடம் எழுப்பியது. கூரை செங்குத்தாக உயர்ந்து நிற்கும், சுவர்கள் கருங்கல். பின்னர் 1919-ல் அதைப் பிரித்து எடுத்துக்கொண்டுபோய் பள்ளத்தாக்கிலேயே வேறு இடத்தில் கட்டினார்கள். 1920 கோடையில் அதன் காப்பாளராக வந்து சேர்ந்த பையனுக்கு வயது 18. பியானோ கலைஞனாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்த அவன் பெயர் ஆன்செல் ஆடம்ஸ், பின்னாளில் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர். கோடைகாலங்களில் இலவச மாலை நிகழ்ச்சிகள் நடக்கும் இடம் அது. ஆனால் லெகான்ட் அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தவர்; கறுப்பினத்தவர் பற்றி அவர் எழுதி வைத்தவை இன்று படிக்கக் கூசும். 2016-ல் கட்டடத்திலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள்.

ஒன்பது மணிப் போட்டி

மாலையில் மக்களை இழுக்கப் பேச்சு மட்டும்தான் இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. யோசெமிட்டியில் பெரிய போட்டி இருந்தது.

டேவிட் கரி, ஜென்னி கரி என்ற ஆசிரியத் தம்பதி 1899-ல் ஏழு கூடாரங்களோடு தொடங்கிய முகாம்தான் கேம்ப் கரி. டேவிட்டுக்கு வெண்கலக் குரல். முகாமுக்கு நேர் மேலே கிளேசியர் பாயின்ட் என்ற பாறை விளிம்பு, பள்ளத்தாக்கின் தரையிலிருந்து ஏறக்குறைய 3,200 அடி உயரத்தில். 1870-களில் ஜேம்ஸ் மெக்காலி என்பவர் அங்கே தீ மூட்டி, முடிந்ததும் கங்குகளை விளிம்பிலிருந்து கீழே தள்ளிவிடுவார். கரி அதையே தன் முகாமின் ராத்திரி நிகழ்ச்சியாக ஆக்கிக்கொண்டார். கீழிருந்து ஒருவர் கத்துவார், மேலிருந்து பதில் வரும். பிறகு "விழட்டும் நெருப்பு" என்ற கூவல். செம்ஃபிர் மரப்பட்டைகள் எரிந்த கங்கு, அருவி போலப் பாறையில் வழியும். நடுவில் சில ஆண்டுகள் நின்றாலும், கோடை இரவு ஒன்பது மணி என்றால் நெருப்பருவி என்றே ஆகிவிட்டது.

இப்போது பேச்சாளரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கேம்ப் கரியின் மாலை ஏற்கெனவே பாட்டும் வேடிக்கையுமாக நிறைந்தது. அதற்கு நடுவில் எழுந்து நின்று அணில் எப்படிக் குளிர்காலத்துக்குச் சேமிக்கிறது என்று பேச வேண்டும். பின்னால் நெருப்பு விழப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். இந்த நிலைமையில் நீட்டி முழக்க முடியுமா? நம் ஊர்க் கூட்டங்களில் வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை எல்லாம் முடிந்து சிறப்புரை வருவதற்குள் பாதிப் பேர் பஸ் பிடிக்கப் போய்விடுவார்கள். அங்கே அந்தப் பாதிப் பேரை இழந்தால் மறுநாள் காலை நடைக்கு ஆளே இருக்காது. அதனால் பேச்சு நேராக விஷயத்தில் இறங்கப் பழகியது.

நெருப்பருவி கடைசியாக விழுந்தது 1968 ஜனவரி 25 அன்று. பூங்காச் சேவையின் அப்போதைய இயக்குநர் ஜார்ஜ் ஹார்ட்சாக் நிறுத்தச் சொல்லிவிட்டார். அதைப் பார்க்க வந்த கார்கள் வழியடைத்தன, மக்கள் புல்வெளிகளை மிதித்துப் பாழாக்கினார்கள். அதோடு, இயற்கையைப் பார்க்க வந்த இடத்தில் மனிதர் செய்த வேடிக்கைக்கு என்ன வேலை என்ற கேள்வியும் இருந்தது. மேலே இருந்த கிளேசியர் பாயின்ட் ஹோட்டல் அடுத்த ஆண்டு, 1969-ல், தீப்பிடித்து எரிந்தே போனது.

இன்னொரு போட்டி நிர்வாகமே நடத்தியது: கரடிக் காட்சி. 1920-களிலும் 1930-களிலும் சாயங்காலம் குப்பையைக் கொட்டி, விளக்குப் போட்டு, கரடிகள் வந்து தின்பதை மக்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். அங்கேயும் ரேஞ்சர் பேசுவார். என்ன பேசி என்ன பயன்? கண்ணெதிரே குப்பை தின்னும் கரடியை வைத்துக்கொண்டு காட்டுக் கரடியின் வாழ்க்கையைச் சொன்னால் யார் காதில் ஏறும்? கரடிகளோ மனிதச் சாப்பாட்டுக்குப் பழகி, முகாம்களுக்குள் புகுந்து ஆட்களைக் காயப்படுத்தின. 1940 வாக்கில் அது நின்றது. இப்போது அதே பூங்காவில் மாலைப் பேச்சுக்கு வருகிறவர் முதலில் கேட்பதே, சாப்பாட்டைக் காரிலோ கூடாரத்திலோ விடாமல் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள் என்பதைத்தான்.

பேச்சு, நெருப்பருவி, கரடிக் காட்சி மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கூட்டம் சேர்ப்பதில் பேச்சுதான் கடைசி. ஆனால் இன்றும் நடப்பது அது மட்டும்தான்.

இருட்டும் வரை என்ன செய்வது

ஜூன் மாதத்தில் எட்டரை மணிக்கும் அங்கே வெளிச்சம் முழுதாகப் போகாது. ஸ்லைடு போட வேண்டுமென்றால் இருட்ட வேண்டும். குழந்தைகளோ எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இந்த இடைவெளியில் உருவானதுதான் முகாம்தீப் பேச்சின் முன்பகுதி: பாட்டு, அறிவிப்பு, எங்கிருந்து வருகிறீர்கள், முதல் தடவை வந்தவர்கள் கை தூக்குங்கள், இன்றைக்கு யார் என்ன பார்த்தீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நேரத்தைக் கடத்துவதுபோல இருக்கும். அனுபவமுள்ள ரேஞ்சர் இதில்தான் கூட்டத்தை எடைபோடுவார். பாறை ஏறுபவர்கள் அதிகமா, கைக்குழந்தைக்காரர்களா, ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த வெளிநாட்டவரா என்று தெரிந்துகொண்டு பேச்சை வளைத்துக்கொள்வார்.

ஸ்லைடு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு. திரை வந்ததும் எல்லோரும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையின் படத்தைப் பார்க்கிறார்கள். பைன் காயைக் கையில் கொடுப்பது அதைவிட மேல். யோசெமிட்டியின் மாரிபோசா தோப்பில் இருக்கும் ராட்சத செக்கோயா மரத்தின் காய் கோழிமுட்டை அளவுதான். அதே மலைகளில் வளரும் சர்க்கரை பைனின் காய் ஒரு அடிக்கு மேல் நீளம். இரண்டையும் கொடுத்து, இதில் உலகத்திலேயே பெருத்த மரம் எது என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் பெரிய காயைத்தான் காட்டுவார்கள். பிறகு சின்னக் காயை உள்ளங்கையில் தட்டினால் ஓட்ஸ் அவல் போன்ற விதைகள் விழும். இதற்கு மேல் ஸ்லைடு எதற்கு? காய்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் விதி. பூங்காவிலிருந்து எதையும் எடுத்துப்போக சட்டம் இடம் கொடுப்பதில்லை.

1950-களில் ஃப்ரீமன் டில்டன் என்ற பத்திரிகையாளர் பூங்கா பூங்காவாகப் போய் இந்தப் பேச்சுகளைக் கேட்டார். பேச்சின் வேலை பாடம் நடத்துவது இல்லை, கேட்பவரைத் தூண்டிவிடுவது என்று 1957-ல் எழுதினார். அமெரிக்கப் பூங்கா ரேஞ்சர்களுக்கு இன்றும் அதுதான் பாலபாடம். டில்டன் அதைக் கண்டுபிடித்தார் என்பதைவிட, எழுந்து போகக்கூடிய கூட்டத்தின் முன் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பலர் பட்டுத் தெரிந்துகொண்டதை அவர் எழுத்தில் வைத்தார் என்றுதான் சொல்வேன்.

பயிற்சியும் இல்லாமல் இல்லை. பிரையன்ட் 1925-ல் யோசெமிட்டியில் ஒரு களப் பள்ளியைத் தொடங்கினார். ரேஞ்சர்-இயற்கையாளர்கள் பலர் அதிலிருந்து வந்தவர்கள். 1926-ல் ராக்ஃபெல்லர் அறநிதியின் உதவியோடு அருங்காட்சியகம் திறந்தது. 1921-லேயே வேலைக்குச் சேர்ந்த ஈனிட் மைக்கேல் யோசெமிட்டியின் முதல் பெண் ரேஞ்சர்-இயற்கையாளர். தாவரங்கள் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. கணவர் பள்ளத்தாக்கின் தபால் நிலையத்தில் வேலை பார்த்தார். இருவரும் ஓய்வு கிடைத்தால் பாறை ஏறக் கிளம்பிவிடுவார்கள்.

சொன்னது மாறியது

நூறு வருடமாக ஒரே இடத்தில் பேசினால், பேசியதில் சில தப்பாகிப் போவது சகஜம். பள்ளத்தாக்கு எப்படி உண்டானது என்பதையே எடுத்துக்கொள்ளலாம். மாநில நிலவியலாளர் ஜோசையா விட்னி, தரை அப்படியே கீழே இறங்கிவிட்டது என்றார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மியூர், இல்லை, பனியாறு அறுத்தது என்றார். விட்னி அவரை மதிக்கவே இல்லை. கடைசியில் நிலவியலாளர் ஃபிரான்சுவா மாத்தெஸ் 1930-ல் வெளியிட்ட ஆய்வு, முதலில் ஆறு ஆழமாக வெட்டியது, பிறகு பனியாறு அகலமாக்கியது என்று இரண்டையும் கோத்துச் சொன்னது. இந்தச் சண்டையே அருமையான மாலைப் பேச்சு. பேச்சாளர் எதிரே இருக்கும் ஹாஃப் டோம் என்ற பாறை மலையைக் கையால் காட்டி, நீங்களாக இருந்தால் யாரை நம்பியிருப்பீர்கள் என்று கேட்கலாம்.

தீ விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. காட்டுத்தீ என்றாலே எதிரி என்று பல பத்தாண்டுகள் சொல்லிக்கொடுத்தார்கள். 1960-களில் ரிச்சர்ட் ஹார்டஸ்வெல்ட் போன்ற ஆய்வாளர்கள் செக்கோயா கன்றுகள் ஏன் முளைக்கவில்லை என்று பார்த்தபோது, தீயை அணைத்துக்கொண்டே இருந்ததுதான் காரணம் என்று தெரிந்தது. சூடு பட்டால் காய் திறக்கும், சருகு எரிந்த வெற்று மண்ணில் விதை வேர் பிடிக்கும். தகப்பன் காலத்தில் அதே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டதற்கு நேர்மாறாக மகன் கேட்க வேண்டியதாயிற்று. இன்னொரு வேடிக்கை, வறட்சி மிகுந்த நாட்களில் முகாம்தீக்கே தடை வந்துவிடும். தீ இல்லாத தீவட்டத்தில் தீயைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

யார் பேசவில்லை

இந்த நிகழ்வில் பெரிய ஓட்டை இதுதான். 1851-ல் மாரிபோசா பட்டாளம் பள்ளத்தாக்குக்குள் நுழைந்து அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளான அவ்வானீச்சி மக்களை விரட்டியது; அவர்கள் குளிர்காலத்துக்குச் சேர்த்து வைத்திருந்த ஓக் கொட்டைகளைக் கொளுத்தியது. அந்த மக்களில் திரும்பி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பூங்காவுக்குள்ளேயே வாழ்ந்துகொண்டிருந்த காலத்தில்தான், தீவட்டத்தில் வேறு யாரோ அவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த இடம் அருங்காட்சியகத்தின் பின்பக்கம், அதுவும் பகலில். டபூஸ் என்று அழைக்கப்பட்ட மேகி ஹோவர்ட் அங்கே ஓக் கொட்டையை இடித்து மாவாக்கி, தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கசப்பை எடுத்து, தண்ணீர் கசியாத கூடையில் நெருப்பில் சுட்ட கற்களைப் போட்டுக் கஞ்சி காய்ச்சிக் காட்டுவார். லூசி டெல்லஸ் கூடை முடைவதில் கைதேர்ந்தவர். நான்கு ஆண்டுகள் உழைத்து முடைந்த அவருடைய பெரிய கூடை 1939 சான் பிரான்சிஸ்கோ உலகக் கண்காட்சிக்குப் போனது. அடுப்பு இல்லாமல் கூடையில் கஞ்சி காய்ச்சுவதைவிட ஒரு நல்ல மாலைப் பேச்சு இருக்க முடியுமா? ஆனால் 1969-ல் அவர்களுடைய கடைசிக் குடியிருப்பையும் நிர்வாகம் இடித்து அகற்றியது.

கறுப்பினப் படைவீரர்கள் கதையும் இப்படித்தான் விடுபட்டிருந்தது. தேசியப் பூங்காச் சேவை வருவதற்கு முன்னால் யோசெமிட்டியைக் காவல் காத்தது ராணுவம். 1899, 1903, 1904-ல் அந்தப் பணியில் இருந்தவர்கள் கறுப்பினப் படைப்பிரிவினர். டெட்ராய்ட்டில் வளர்ந்த ரேஞ்சர் ஷெல்டன் ஜான்சன், பூங்காவின் ஆவணங்களுக்கு நடுவே 1899-ல் எடுத்த அவர்களுடைய புகைப்படத்தைப் பார்த்தார். பிறகு பழைய ராணுவ உடுப்பை மாட்டிக்கொண்டு, அந்தக் காலத்து சார்ஜென்ட் ஒருவராகவே நின்று பேச ஆரம்பித்தார். படம் என்னவோ அத்தனை வருடமும் அங்கேயேதான் இருந்தது. பார்க்க வேண்டிய ஆள் வர நூறு வருடம் ஆயிற்று.

பேச்சு முடிந்த பிறகு

நல்ல கேள்விகள் மேடையை நோக்கி வருவதில்லை. கைத்தட்டல் முடிந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெரும்பாலானவர்கள் போனபிறகு, தீக்கங்குகளைச் சுற்றி நாலைந்து பேர் நிற்பார்கள். அரங்கில் பேசுகிறவருக்கு விளக்கு அணைந்தால் வேலை முடிந்தது. இங்கே அப்படிக் கிளம்பிவிட முடியாது. தீயை அணைக்கும் பொறுப்பு அவருடையது. வாளியில் தண்ணீர் ஊற்ற வேண்டும், குச்சியால் கிளற வேண்டும், மறுபடி ஊற்ற வேண்டும். சத்தம் அடங்கிய பிறகு புறங்கையைச் சாம்பலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், சூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குள் நின்றவர்களில் ஒருவர் பக்கத்தில் வந்து, கூட்டத்தில் கேட்கக் கூச்சப்பட்டதைக் கேட்பார். பெரும்பாலும் அது கரடியைப் பற்றியதாகத்தான் இருக்கும். அப்புறம், நாளைக்கு நடை எத்தனை மணிக்கு என்று.